கிப்பர் பனியில் காட்டுயிர்ப் படங்கள்: கேள்வி பதில்

ஜனவரி முதல் மார்ச் வரை பனிச்சிறுத்தை தேடி ஹிமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் கேட்டவை. கிப்பர் கிராமம் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெயிலும் கடுமை, குளிரும் கடுமை.

கே: சார், வெள்ளைப் பனி என் படங்களில் சாம்பல் நிறமாக வருகிறது. கேமராவில் கோளாறா?

ப: இல்லை. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே வைத்துக் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்கப் பனி என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மீட்டரின் கணக்குக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1.3-இல் தொடங்குங்கள், பனியில் நேர்வெயில் அடித்தால் +2 வரை போகலாம். ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) மேடு வலது ஓரத்தை நெருங்கினால் போதும், முட்டக் கூடாது. பின்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பனி வெளிச்சத்தில் திரை மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பினால் தேவைக்கு மேல் கூட்டிவிடுவீர்கள்.

கே: +1.7 வைத்திருந்தேன். தூரத்தில் நின்ற ஐபெக்ஸ் (மலைக் காட்டாடு) நன்றாக வந்தது. கிட்டே வந்ததும் படம் வெளுத்துவிட்டது.

ப: கிட்டே வந்ததும் அதன் பழுப்பு உடல் ஃப்ரேமை அடைத்துக்கொண்டது. இருட்டு என்று நினைத்து மீட்டர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியது, அதன்மேல் உங்கள் +1.7 வேறு. வெயில் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவலுக்குப் போங்கள், ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை அணையுங்கள். வெயில்பட்ட பனியை மட்டும் ஃப்ரேமில் நிரப்பி, மீட்டர் +1.7 காட்டும்வரை ஷட்டரை மாற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். தெளிந்த நடுப்பகலில் ஐ.எஸ்.ஓ. 400, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/2000 நொடி நல்ல தொடக்கம். பாறை நிழலுக்குள் விலங்கு போனால் இந்த அளவு செல்லாது. நிழலுக்கான அளவை கஸ்டம் டயலில் முன்பே சேமித்து வைத்தால் ஒரே திருப்பில் மாறலாம்.

கே: நிழல் சரிவில் பனி நீலமாக வருகிறதே?

ப: அங்கே வெளிச்சம் தருவது நீல வானம்தான். பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பாக எடுத்து, வெள்ளைச் சமநிலையை 7000 கெல்வின் பக்கம் தள்ளுங்கள். நீலத்தை முழுசாகத் துடைத்தால் சிறுத்தையின் சாம்பல் ரோமம் மஞ்சளடிக்கும். கொஞ்சம் நீலம் இருக்கட்டும்.

கே: 600 மி.மீ. லென்ஸ், நல்ல ட்ரைபாட், 1/2000. இருந்தும் ஒரு படம்கூடக் கூர்மையாக இல்லை அண்ணா.

ப: லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் காற்றைப் பாருங்கள். வெயிலில் சூடான பாறைக்கும் பனிமேல் நிற்கும் குளிர்காற்றுக்கும் நடுவே காற்று அலைபாயும். சிறுத்தை பல நூறு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த அலை முழுவதும் படத்தில் விழும், உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் சேர்ந்து பெரிதாகும். சோதிக்க வழி: லைவ் வியூவில் (பின்திரையில் நேரடிக் காட்சி) ஒரு பாறை விளிம்பைப் பெரிதாக்குங்கள். விளிம்பு நெளிந்தால் எந்த ஷட்டர் வேகமும் காப்பாற்றாது. காலையில் சீக்கிரம் எடுங்கள், அல்லது மேகம் மூடும்வரை பொறுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. சூடான அறையிலிருந்து வெளியே வந்த லென்ஸின் முன்னால் மாட்டும் நீண்ட ஹூடுக்குள்ளேயே வெதுவெதுப்பான காற்று சுழலும். அரை மணி நேரம் வெளியில் ஆறவிடுங்கள். அவசரமென்றால் ஹூடைக் கழற்றுங்கள்.

கே: பனி கொட்டும்போது ஃபோகஸ் விலங்கை விட்டுப் பனிச்செதில்களிடம் ஓடுகிறது.

ப: ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி, கிட்டத்தில் தேடாமல் தடுக்கும் ஃபோகஸ் லிமிட்டர் தூரத்தில், குறுக்கே வருவதற்குத் தாவாதபடி டிராக்கிங் உணர்திறன் மந்தமாக. மூன்றும் சேர வேண்டும்.

கே: பேட்டரி?

ப: குளிரில் சீக்கிரம் இறங்கும். உபரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். 'தீர்ந்தது' என்று காட்டியதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். சூடானதும் சில நிமிடங்கள் ஓடும். அறைக்குத் திரும்பும்போது மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரமாவது திறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஈரம் லென்ஸுக்குள்ளேயே படியும்.

கே: கறுப்புக் கண்ணாடி போட்டால் வியூஃபைண்டர் இருண்டுபோகிறது. கழற்றிவிடலாமா?

ப: கழற்றாதீர்கள், அந்த உயரத்துப் பனியில் கண் வெந்துவிடும். உங்களுடையது போலரைஸ்டு (ஒரு திசை ஒளியை மட்டும் விடும்) கண்ணாடியாக இருக்கும். சில கேமராக்களின் திரை அதில் ஒரு கோணத்தில் கறுத்துவிடும். போலரைஸ் செய்யாத, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வாங்குங்கள்.