புகை உண்டு, நெருப்பு உண்டா? அளவை பற்றிய கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: ஐயா, அறிவைப் பற்றி மேற்கத்தியர் சொல்வதும் நம் நூல்கள் சொல்வதும் எங்கே பிரிகின்றன?

பதில்: கேள்வியிலேயே பிரிகின்றன. ஒரு நம்பிக்கை எப்போது அறிவாகும் என்று பிளேட்டோ காலந்தொட்டு அங்கே கேட்கிறார்கள். இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் 'எதைக் கொண்டு அறிந்தாய்?' என்பார்கள். அப்படி அறிய உதவும் வழிதான் பிரமாணம், தமிழில் அளவை. உலகாயதரான சார்வாகருக்குக் காட்சி, அதாவது நேரில் காண்பது, ஒன்றே. பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் வழி வந்தவர்களுக்குக் காட்சி, கருதல் (அனுமானம்) என இரண்டு, நியாயத்துக்கு நான்கு. மணிமேகலையின் 27ஆம் காதை பத்து சொல்கிறது.

பூச்சோங் மாணவி: புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்ற அனுமானம் புகைமூட்டக் காலத்தில் இங்கே பொய்த்துவிடுகிறதே ஐயா?

பதில்: அருமையாகக் கேட்டீர்கள் அம்மா. 2015இல் கோலாலம்பூரில் கண் எரிந்தது, காடு எரிந்தது சுமத்ராவில். அதனால்தான், அடி அறுபடாமல் அந்த இடத்திலிருந்தே எழும் புகை வேண்டும் என்று தர்க்க நூலார் நிபந்தனை வைத்தார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். டிங்கிக் கொசுவை ஒழிக்கத் தாமானில் (குடியிருப்பில்) 'புகை அடிக்கிறார்கள்'. பின்சந்தில் வெள்ளையாக உருண்டு வருகிறது. உண்மையில் அது மருந்தின் நுண்துளி. அதைப் பார்த்து 'பின்னால் ஏதோ எரிகிறது' என்கிறீர்கள். அங்கே யாரோ நிஜமாகவே குப்பையைக் கொளுத்தியிருக்கிறார். நினைத்தது சரிதான். ஆனால் அறிந்தீர்களா?

தற்செயலாகச் சரியாகிவிட்ட நம்பிக்கை அறிவாகுமா என்ற இவ்வகைச் சிக்கலை, அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கத்தில் எழுப்பினார். 8ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மோத்தரர் ஒன்று சொல்கிறார். இறைச்சி வாட்ட மூட்டிய நெருப்பு, புகை இன்னும் எழவில்லை. மொய்க்கும் பூச்சிகளைப் புகையென்று எண்ணி, நெருப்பு இருக்கிறது என்கிறான் ஒருவன். அது அறிவாகாது என்றார் அவர். இதை வைத்து எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்ட வேண்டாம். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் சிக்கலின் ஆழம் புரியும்.

ஈப்போ வாசகர்: பிறர் சொல்லைக் கேட்டு நம்புவதெல்லாம் அறிவா?

பதில்: பிறர் கருத்து மூளையில் மிதப்பதால் அறிவு கூடாது என்றார் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக். எனக்கு இதில் உடன்பாடில்லை. உங்கள் பிறந்தநாள் உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னார். பிறப்புப் பத்திரமும் ஒருவர் எழுதிய சொல்தானே? நியாயம் இதைத் தனி அளவையாகவே வைக்கிறது. விஷயம் தெரிந்து, உள்ளபடி சொல்பவர் ரிஷியானாலும் மிலேச்சரானாலும் (அந்நியரானாலும்) ஆப்தரே, அதாவது நம்பத்தக்கவரே, என்கிறார் நியாய நூலின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

செர்டாங் வாசகர்: தமிழில் எங்கே தொடங்கலாம்?

பதில்: சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். பத்து அளவைகளையும் காட்சி, கருதல், உரை (பிறர் சொல்) என்று மூன்றில் அடக்குகிறார் அருணந்தி சிவாச்சாரியார். சிவனைப் பற்றிய நூல்தான், ஆனால் அளவையைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வருகிறார்.