சூத்திரம் தெரிந்தும் விடை ஏன் தப்புகிறது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மின்விசைக் கணக்கிலும், சென்ற ஆண்டு படித்த வெப்ப விரிவுக் கணக்கிலும் விடை தப்பாகவே வருகிறது. என்ன செய்வது?

பதில்: சூத்திரத்தில் எண்களைப் போடுவதற்கு முன்பே தவறு நடந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக விடைத்தாள்களில் நான் பார்ப்பது இதைத்தான்.

+2, −3 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. விசை எவ்வளவு? முதலில் படம் வரையுங்கள். எதிரெதிர்க் குறிகள், ஆகவே ஈர்ப்பு. அம்புகள் ஒன்றையொன்று நோக்கும். கழித்தல் குறியின் வேலை அதோடு முடிந்தது, அதைச் சூத்திரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அடுத்து அலகு: 30 சென்டிமீட்டர் என்பது 0.3 மீட்டர், அதன் வர்க்கம் 0.09. கூலூம் சூத்திரத்தின் மேல்பகுதியில், மாறிலியான 9×10⁹-ஐ இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனான 6×10⁻¹²-ஆல் பெருக்க, 0.054. அதைத் தூரத்தின் வர்க்கமான 0.09-ஆல் வகுத்தால் 0.6 நியூட்டன். 30-ஐ அப்படியே போட்டவருக்கு விடை பத்தாயிரம் மடங்கு குறையும். வர்க்கத்தை மறந்தவருக்கு 0.18 வரும், பார்க்க நியாயமாகத் தெரிவதால் இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது.

மூன்று மின்னூட்டங்கள் வந்தால் விசைகளை வெறும் எண்களாகக் கூட்டக் கூடாது. சமபக்க முக்கோணத்தின் முனைகளில் சம மின்னூட்டங்கள் இருந்தால், ஒன்றின் மீதான மொத்த விசை, மற்ற இரண்டில் ஒன்று மட்டும் தரும் விசையைப் போல இரு மடங்கு அன்று, 1.73 மடங்குதான்.

வெப்ப விரிவில் பொறி வேறு. 10 மீட்டர் எஃகுத் தண்டு 30 டிகிரி சூடேறினால் 12×10⁻⁶ (எஃகின் நீள்விரிவு எண்) × 10 × 30, அதாவது 3.6 மில்லிமீட்டர் நீளும். சிலர் பழக்கத்தில் 30-உடன் 273-ஐக் கூட்டி 36 மில்லிமீட்டர் என்று எழுதுகிறார்கள். வெப்பநிலை வேறுபாடு செல்சியஸிலும் கெல்வினிலும் ஒன்றே.

வளையத்தைச் சூடாக்கினால் நடுத்துளை சிறுக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பாருங்கள். இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். துளையும் விரிவதால்தான் பட்டை உள்ளே இறங்குகிறது. பட்டையின் உள்விட்டம் 1.2 மீட்டர், சக்கரம் அதைவிட 5 மில்லிமீட்டர் பெரிது என்றால் எவ்வளவு சூடேற்ற வேண்டும்? 0.005-ஐ 1.2 × 12×10⁻⁶-ஆல் வகுங்கள்: ஏறத்தாழ 350 டிகிரி. இரும்பு மங்கிய சிவப்பாக ஒளிரவே 500 டிகிரிக்கு மேல் வேண்டும். 350 டிகிரி அதைவிடக் குறைவு, நெருப்பில் எட்டக்கூடியதே. ஆகவே இந்த விடையை நம்பி எழுதலாம்.