கருத்தடை செய்த நாய்க்கு வீக்கம்: எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டு வயது. ஐந்து நாட்களுக்கு முன் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். விதைப்பை இப்போது வீங்கியிருக்கிறது, தையலைச் சுற்றி லேசாகச் சிவந்திருக்கிறது. நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கோனை (கூம்பு வடிவத் தடுப்பு) கழற்றினால் நக்கிக்கொண்டே இருக்கிறான். மஞ்சள் பூசலாமா? வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமாலை நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தச் சிவப்பணுக்களையும் பாதிக்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் இன்னும் மோசம். இரைப்பையில் புண் உண்டாகும், சிறுநீரகம் பழுதாகும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது கொடுத்தீர்கள் என்று உங்கள் கால்நடை மருத்துவருக்கு இப்போதே போன் செய்து சொல்லுங்கள். நாய்க்கென்று தனியாக வலி மருந்துகள் இருக்கின்றன. எடையைப் பார்த்து அவர் எழுதித் தருவார்.

இனி வீக்கம். ஆண் நாய்க்குப் பெரும்பாலும் விதைப்பைக்குச் சற்று முன்னால் ஒரு சிறு கீறல் போட்டு, அதன் வழியாகத்தான் விதைகளை எடுப்பார்கள். பை அப்படியே இருக்கும். அந்தக் காலி இடத்தில் கொஞ்சம் நீர் கோர்ப்பது வழக்கம்தான். ஆனால் ஐந்தாம் நாளில் அந்த வீக்கம் குறையத் தொடங்கியிருக்க வேண்டும். நாளுக்கு நாள் பெரிதாகிறதா, கருநீலமாக மாறி விறைப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், இன்றைக்கே காட்டுங்கள்.

இந்த ரத்தக்கட்டு பெரும்பாலும் ஓட்டத்தாலும் குதிப்பதாலும் வருவது. வலி குறைந்ததும் நாய் பழையபடி துள்ளும். 'ஆறிவிட்டது' என்று வீட்டில் அவிழ்த்துவிடுவார்கள். தோலின் விளிம்பு சில நாட்களில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே பலம் வர 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை மாடிப்படி, சோபா, மற்ற நாய்களுடன் விளையாட்டு எதுவும் வேண்டாம். சிறுநீர், மலம் கழிக்கக் கயிற்றில் பிடித்துக் கூட்டிப் போனால் போதும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. தையல் போட்ட இடத்தில் அது நடப்பதில்லை. நாக்கின் உரசலில் தையல் பிரியும், வாயிலுள்ள கிருமிகள் காயத்துக்குள் போகும். உங்கள் நாய்க்குச் சிவந்திருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கோன் இரவிலும் கழுத்தில் இருக்கட்டும். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருந்தால் கழற்றலாம். மூக்கு நுனியைத் தாண்டி நீளாத கோன் பயன்படாது, பெரியதாக மாற்றுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசினால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போகும். காயம் காய்ந்து இருப்பதே நல்லது. தையல் பிரிக்கும்வரை குளிப்பாட்டாதீர்கள். ஈ விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஈ முட்டையிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும். வீட்டுக்குள் படுக்க வையுங்கள், விரிப்பைத் தினமும் மாற்றுங்கள், காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். சீழ், நாற்றம், ரத்தக் கசிவு, தையல் விரிவது, வாந்தி, ஈறு வெளுப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது என்று எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று: அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு விந்தணு மிச்சம் இருக்கலாம். ஒரு மாதமாவது பெண் நாய்களிடம் நெருங்கவிடாதீர்கள்.