சோமாலியாவின் முதல் கட்சிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சோமாலியக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம் என்று அமைந்த நாடு என்கிறார்கள். சுதந்திரத்தின்போது கட்சிகளும் தேர்தலும் இருந்திருக்கின்றன. ஆனால் ஒன்பதே வருடத்தில் எல்லாம் ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தக் கட்சிகள் குலக்குழுக்களுக்கு மாட்டிவிட்ட சட்டை மட்டும்தானா? குலமாகப் பிரிந்து கிடக்கும் சமூகத்துக்குக் கட்சி அரசியல் ஒத்துவராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முதல் தலைமுறைக் கட்சிக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் தவறினார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் அல்ல.

1943 மே 15 அன்று மொகதிஷுவில் 13 இளைஞர்கள் கூடி 'சோமாலி இளைஞர் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இத்தாலியின் பாசிச ஆட்சி அங்கே முடிந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இத்தாலியர் காலத்தில் சோமாலியருக்குச் சங்கமும் கிடையாது, ஆரம்ப வகுப்புகளைத் தாண்டிப் படிப்பும் கிடையாது. புதிதாக வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் சங்கம் வைக்க அனுமதித்தது. குமாஸ்தாக்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்தார்கள். ஆங்கில வகுப்புகள் நடத்தினார்கள். 1947இல் பெயரை 'சோமாலி இளைஞர் லீக்' என்று மாற்றிக்கொண்டு முழு அரசியல் கட்சியானார்கள்.

அந்தக் கட்சியில் சேர்பவர் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். 'நீ எந்தக் குலம்?' என்று யார் கேட்டாலும் 'சோமாலி' என்று மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். நமக்கு இது மேடைப் பேச்சு மாதிரி தோன்றலாம். அங்கே அப்படி இல்லை. மேய்ச்சல் நிலத்தில், ஒரு கிணற்றடியில், முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வருவது வம்சாவளிக் கேள்விதான். ஒருவனை இன்னொருவன் கொன்றுவிட்டால் 100 ஒட்டகம் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. தனி ஆளால் முடிகிற காரியமா? குலக்குழுவே சேர்ந்துதான் கொடுக்கும், வாங்குகிற பக்கத்திலும் குலக்குழுவே பங்கு போட்டுக்கொள்ளும். போலீஸ், கோர்ட், இன்ஷூரன்ஸ் மூன்றுமே ஒரு மனிதனுக்கு அவன் குலம்தான். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இருபத்து சொச்சம் வயதுப் பையன்கள் சபதம் எடுக்கிறார்கள். வெறும் சட்டை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1948 ஜனவரியில், இத்தாலியின் பழைய காலனிகளை என்ன செய்வது என்று விசாரிக்க நான்கு வல்லரசுகளின் குழு மொகதிஷுவுக்கு வந்தது. ஜனவரி 11 அன்று லீக் ஊர்வலம் போனது. இத்தாலி திரும்பி வரவேண்டும் என்ற கூட்டத்தோடு மோதல் வெடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட இத்தாலியர்களும் சோமாலியர் பலரும் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நியாயம் சொல்ல முடியாது. அன்று இறந்தவர்களில் ஒருவர் ஹாவோ தாகோ என்ற பெண். லீக்கைச் சேர்ந்தவர். ஒரு கையில் வாளும் மறு கையில் கல்லுமாக அவருக்கு மொகதிஷுவில் சிலை இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், சபதம் எடுத்தவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஐ.நா. அந்த நாட்டை 1950 முதல் பத்து வருடம் இத்தாலியின் பொறுப்பிலேயே விட்டது!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கலின் நுனி இருக்கிறது. ஜூபா, ஷபெல்லே என்று இரண்டு ஆறுகள். அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தில் சோளம் விதைத்து மாடு வளர்க்கும் திகில், மிரிஃப்லே மக்கள் பேசுவது 'மாய்'. வடக்கே ஒட்டகம் மேய்ப்பவர் அந்தப் பேச்சைக் கேட்டால் பாதிக்கு மேல் புரியாது. இந்த விவசாய மக்களுக்குப் பயம் இருந்தது. நாடு கைக்கு வந்தால் மேய்ச்சல்காரக் குலங்கள் நம் நிலத்தையும் ஆட்சியையும் எடுத்துக்கொள்ளும் என்ற பயம். 1947இல் அவர்கள் தொடங்கிய கட்சி 'ஹிஸ்பியா திகில் மிரிஃப்லே'. பெயரிலேயே குலம் வெளிப்படையாக இருந்தது. லீக் கட்சிக்காரர்கள் இவர்களைப் பிற்போக்குவாதிகளாகவே பார்த்தார்கள்.

1956இல் முதல் பொதுத் தேர்தல். நகரங்களில் ரகசிய ஓட்டு. நாட்டுப்புறத்தில் 'ஷிர்' என்ற குலக் கூட்டம் கூடி, மொத்த ஓட்டையும் ஒன்றாக ஒருவருக்குக் கொடுத்துவிடும். மரத்தடியில் பெரியவர்கள் பேசி முடித்தால் அத்தனை பேரும் போட்ட மாதிரி. குலத்தின் பெயரையே சொல்லாத கட்சி, குலக் கூட்டத்தின் ஓட்டில் ஜெயித்தது. சோமாலியருக்கான 60 இடங்களில் லீக்குக்கு 43, ஹிஸ்பியாவுக்கு 13. (சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய பத்து இடங்களில் ஒன்று இந்தியருக்கு. மொகதிஷுவில் நம் நாட்டு வியாபாரிகள் அவ்வளவு காலமாக இருந்திருக்கிறார்கள்.)

அப்புறம் குலப் பெயரில் கட்சி கூடாது என்று சட்டம் வந்தது. ஹிஸ்பியாக்காரர்கள் 'ஹிஸ்பியா தஸ்தூர் முஸ்தகில்', அதாவது சுதந்திர அரசியலமைப்புக் கட்சி என்று பெயரை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், பழைய HDMதான். அதோடு, 1958இல் அவர்கள் தலைவர் ஜெய்லானி ஷேக் பின் ஷேக், சோமாலியர் ஒன்றாக இருக்க வேண்டுமானால் கூட்டாட்சி முறைதான் வழி என்று வெளிப்படையாகக் கேட்டார். பிரிந்து போகிறோம் என்று அவர் சொல்லவில்லை, சேர்ந்து வாழ ஒரு ஏற்பாடு கேட்டார். குலவாதம் என்ற ஒரே சொல்லில் அதை ஒதுக்கித் தள்ளினார்கள்.

லீக் தவறிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குலத்தைத் தாண்டவேண்டும் என்ற அவர்களுடைய ஆசை நிஜமானது. ஆனால் அந்த ஆசையே, எதிரில் நிற்பவன் வாயை மூட ஒரு வசதியாகவும் ஆகிவிட்டது. 1959 தேர்தலை எதிர்க்கட்சிகளில் பல புறக்கணித்தன. லீக்கிலிருந்து விலகிப் 'பெரிய சோமாலி லீக்' நடத்திய ஹாஜி முகமது ஹுசேன் தரப்பில் பலர் கைதானார்கள். பெரும்பாலான தொகுதிகளில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. 90க்கு 83 இடம் லீக்குக்கு. அந்த 83ஐ வெற்றி என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது.

வடக்கே பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் கதை வேறு. 1960 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் எகால் என்ற தலைவரின் சோமாலி தேசிய லீக்குக்கு 33இல் 20 இடம். ஜூன் 26 அன்று வடக்கு சுதந்திரம் பெற்றது, ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, தெற்கோடு சேர்ந்தது. ஜனாதிபதி, பிரதமர், தலைநகரம் மூன்றும் தெற்குக்குப் போயின. அடுத்த வருடம் அரசியலமைப்பு வாக்கெடுப்பைத் தேசிய லீக் புறக்கணிக்கச் சொன்னது. வடக்கின் மனக்குறைக்கும் மொகதிஷுவில் காது இல்லை.

நடுவில் நல்ல காலமும் இருந்தது. 1967இல் ஜனாதிபதி ஆதன் அப்துல்லா உஸ்மான் தேர்தலில் தோற்றார். பதவியை ஒப்படைத்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் இது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

1969 மார்ச்சில் 60க்கும் மேற்பட்ட கட்சிகள், 123 இடங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். லீக்குக்குக் கிடைத்தது 73. சபை கூடியதும், மீதி இடங்களில் ஜெயித்தவர்கள் கட்சி மாறி ஆளும் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தேர்தலுக்குக் கொட்டிய பணத்தை எடுக்க வேறு வழி இல்லை. எதிர்வரிசையில் மிஞ்சியது ஒரே ஒருவர், முன்னாள் பிரதமர் அப்திரசாக் ஹாஜி ஹுசேன். அக்டோபர் 15 அன்று ஜனாதிபதி ஷர்மார்கே சுட்டுக் கொல்லப்பட்டார். 21ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்துக் கட்சிகளைத் தடை செய்தபோது மக்கள் வருத்தப்படவில்லை. ஒரு மனிதர் மட்டும் எதிர்த்துப் பேசும் சபை போனதற்கு யார் அழுவார்கள்?

அந்த நாட்களில் படித்த சோமாலியர்கள் குலத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, 'எக்ஸ்' (ex, முன்னாள்) என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்களாம். 'உங்கள் எக்ஸ் என்ன?' என்றால், நீங்கள் முன்பு எந்தக் குலம் என்று அர்த்தம். பெயர்தான் போனது, கேள்வி அப்படியே இருந்தது. கட்சிகள் அதிகமானதால் அந்த நாடு கெட்டது என்ற முடிவுக்கு என்னால் வர முடியாததற்குக் காரணம் இதுதான். ஆற்றங்கரை விவசாயியின் பயத்தை அதன் சொந்தப் பெயரில் சபையில் பேச விட்டிருந்தால் பதிலும் அங்கேயே தேடியிருக்கலாம்.

1958இல் ஜெய்லானி கேட்ட அந்தக் கூட்டாட்சி, பெரிய உள்நாட்டுப் போருக்கும் பஞ்சத்துக்கும் பிறகு, 2012 அரசியலமைப்பில் வந்தது. இப்போது அந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரே சோமாலியக் கூட்டாட்சிக் குடியரசு. 1992 பஞ்சத்தில் மிக அதிகமாகச் செத்தவர்கள் பைதோவா பக்கத்து மக்கள். மாய் பேசுபவர்கள்.