மூன்று நாடகம் சரி, மேடை?

கேள்வி: பி.ஏ. தமிழ் கடைசி வருடம் படிக்கிறேன். நாடகம் எழுதி இயக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக ஆசை. முழுநீள நாடகம் மூன்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா ஐயா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: எத்தனை மேடையேறியது? கடிதத்தில் அதைக் காணோமே!

வேலைக்கு முதலில் கேட்பது நாடகத்தை அல்ல, பட்டத்தை. புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை போன்ற இடத்தில் நாடக முதுகலை படித்து, 55 சதவீதம் வாங்கி, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதர் முதல் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் வரை கேட்பார்கள். தமிழிலேயே படித்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நெட் இல்லாமல் நுழையவும் விதி உண்டு: தேசிய நாடகப் பள்ளிப் பட்டயம் முதல் வகுப்பில், கூடவே 5 ஆண்டு மேடை அனுபவம். அழைப்பிதழ், விமர்சனம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதியும் பேராசிரியர் ஆனாரே என்று வாதாடாதீர்கள். அவரே டெல்லியில் வருடக்கணக்கில் தமிழ் நடத்திவிட்டுத்தான் புதுவை நாடகத் துறைக்கு வந்தார்.

வேலை கிடைத்தாலும் சம்பளம் வகுப்புக்குத்தான். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம். பருவத்துக்கு 90 வேலை நாள். உள்தேர்வும் விடுமுறையும் போக ஒத்திகைக்கு 50 மாலை தேறினால் பெரிது. ஆகவே வகுப்பில் யார் யார் என்று பார்த்த பிறகு எழுதுங்கள். (உங்கள் மூன்றில் ஒன்றாவது ராஜா நாடகமாக இருக்கும், சேவகர்களே பத்துப் பேர்!) கதை முழுவதையும் ஒரே பையன் தலையில் ஏற்றினால், அரங்கேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவனுக்கு அம்மை போடும். முக்கிய வேடத்தின் வசனம் இன்னொருவருக்கும் முதல் வாரத்திலிருந்தே பாடமாக வேண்டும்.

விளக்கு இன்னொரு தலைவலி. ஆயிரம் வாட் விளக்கு 12 என்றால் 12 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 52 ஆம்பியர். ஒருமுனை இணைப்பில் மாட்டினால் உச்சக் காட்சியில் மேடையே இருண்டுவிடும். மும்முனையில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மைக்கை விளக்கு லைனில் சேர்க்காதீர்கள். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை இறக்கும்போதெல்லாம் 'ங்ங்' என்று இரையும். இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுங்குகிற இயக்குநர் கடைசியில் அந்த எலக்ட்ரீஷியனைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு, பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது போங்கள். முன்வரிசை வேண்டாம், வேஷம் கட்டும் இடத்தில் உட்காருங்கள். ஒரு வேஷம் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, அதுவரை கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் என்ன பேசிச் சனத்தைப் பிடித்து வைக்கிறான், முகவீணை என்கிற ஊதுகுழல் எங்கே எடுத்துக் கொடுக்கிறது என்று குறித்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் நாடகத்தைப் பிரித்து, நடிகன் சட்டை மாற்ற எந்தப் பக்கத்தில் நேரம் விட்டிருக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள்.