வாங்கியது நம் கையில் இருக்க வேண்டும்

கேள்வி: ஐபொட் நின்றுபோய்விட்டது. டிவிடிக் கடைகளையும் காணவில்லை. பிள்ளைகள் ஸ்மார்ட் ரிவி கேட்கிறார்கள். அப்பாவிடம் ஒரு பெட்டி நிறையத் தேவாரக் கசற்றுகள் இருக்கின்றன. அவர் கேட்பதற்கும் ஏதாவது வாங்க வேண்டும். இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் 8கே ரிவி மலிந்துவிடும், பாட்டு, படம் எல்லாம் ஒரே கருவியில் வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். காத்திருக்கலாமா? எங்களைப் போன்றவர்கள் இனி எதை எதிர்பார்க்கலாம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. கடைக்காரர் சொல்லும் அந்த "இன்னும் இரண்டு வருடம்" எப்போதும் இரண்டு வருடம் தள்ளியேதான் இருக்கும். 2010இல் முப்பரிமாண ரிவி என்று பெரிய ஆரவாரம். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் திரையரங்கே வீட்டுக்கு வந்துவிடும் என்றார்கள். 2017க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாமே அதைக் கைவிட்டுவிட்டன. 8கே திரையில் குறுக்கே 7680, நெடுக்கே 4320 புள்ளிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் ஓடப்போவது செய்தியும் நாடகமும் பழைய படங்களும்தான். அவற்றில் இல்லாத தெளிவைத் திரை எங்கிருந்து கொண்டுவரும்?

நாம் எதிர்பார்க்க வேண்டியது வேறு. காசு கொடுத்து வாங்கியது நம் கையில் இருக்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாதபோதும் ஓட வேண்டும். பழுதானால் திறந்து திருத்தக் கூடியதாக இருக்க வேண்டும். இதைச் சின்ன ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு இதைப் பெறுவதுதான் கடினம்.

2019 டிசம்பரில், 2010, 2011 காலத்துச் சாம்சுங் ஸ்மார்ட் ரிவிகள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் வேலை செய்யாமல் போனது. திரை நன்றாக இருந்தது, ஒலி நன்றாக இருந்தது, மென்பொருளுக்கு மட்டும் வயதாகிவிட்டது. 2023இல் சோனி தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவி வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று. வாங்கியவர்கள் கொதித்தார்கள், சில வாரங்களிலேயே சோனி முடிவைத் தள்ளிப்போட்டது. கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பார்க்கும் உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு, சொந்தமாகவே விற்பது போலக் காட்டக் கூடாது. உள்ளதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒரு வரி கட்டாயமாக வேண்டும் என்பது என் விருப்பம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் இணையத்தில் வைப்போம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. அதே வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி யூடியூப் உட்படச் சமூக ஊடகங்களை அரசே தடுத்து வைத்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போய்விடும். பற்றரி ரேடியோவும் மெமரி காட்டும் அங்கேயும் பாடும். தூரத்து ஒலியின் அருமை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் வெளிநாட்டு வானொலியான டொய்ச்ச வெல்லே, தன் நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் மறு ஒலிபரப்புச் செய்யும் நிலையத்தை இங்கேதான் வைத்திருந்தது, 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது.

கையடக்கப் பிளேயர் விஷயத்துக்கு வருகிறேன். ஐபொட் 2001 அக்டோபரில் 5 ஜிபி வட்டோடு வந்தது. 2022 மே மாதம் அப்பிள் அதை நிறுத்தியது. பாட்டுக் கேட்கத் தனிக் கருவி எதற்கு, போன் இருக்கிறதே என்றார்கள். சரி. ஆனால் அந்தப் போனிலிருந்தே 2016க்குப் பிறகு ஹெட்போன் ஜாக் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது, விலை கூடிய போன்களில் மெமரி காட் இடமும் போனது, பற்றரியையும் உள்ளே ஒட்டிவிட்டார்கள். அழைப்பும் விளம்பரமும் வந்து குறுக்கிடாமல் ஒரு முதியவர் ஒரு பதிகத்தை முழுதாகக் கேட்க முடிவதில்லை. அழுத்தினால் கைக்குத் தெரிகிற பொத்தான், காட் போட ஓர் இடம், கழற்றக் கூடிய பற்றரி. இவ்வளவும் உள்ள ஒரு நல்ல பிளேயரை நியாயமான விலையில் யாராவது செய்ய வேண்டும். அது வரும் என்று நம்பவும் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முடிவிலிருந்து இத்தகைய சிறு கருவிகளுக்கு டைப்-சி சார்ஜர் கட்டாயம். அதனால் நமக்கும் ஒரே வயர் போதுமாகி வருகிறது. 2027 பெப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் அங்கே சட்டம். நிறுவனங்கள் தாமாக மனமிரங்கி இதைத் தரவில்லை. கேட்டவர்கள் விடாமல் கேட்டார்கள்.

நீங்களும் கேளுங்கள். ரிவி வாங்கப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு பென் டிரைவில் உங்கள் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே குத்தி ஓடவிடச் சொல்லுங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறவே ஏறாது. பழுதென்று பயப்பட வேண்டாம். எத்தனை வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும், திரை போனால் இங்கேயே திருத்துவீர்களா, கொழும்புக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். விற்பவருக்கு எரிச்சல் வரலாம், வரட்டும். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்ததை மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபை இருக்கிறது, 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது அந்தக் கடைக்காரரும் அதையே இறக்குமதியாளரிடம் கேட்பார்.

அப்பாவுக்கு மெமரி காட் போடும் சிறிய ரேடியோ ஒன்று போதும். பழைய நோக்கியா போன்களில் வந்த பிஎல்-5சி பற்றரி போடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பற்றரி சின்னக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் ரிவிக்கும் ரேடியோவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது அந்தக் கசற்றுகள். நம் கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தபின் மீட்பது கஷ்டம். ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் உள்ள சிறு தகட்டை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. கசற் பிளேயரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து கொம்பியூட்டருக்கு ஒரு வயர், ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள், அவ்வளவுதான். ஒரு மணி நேரக் கசற் ஏற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 32 ஜிபி காட்டில் 500 மணி நேரம் தாராளமாக அடங்கும். மூலப் பதிவை, ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் எஃப்எல்ஏசி வடிவில் இரண்டு இடத்தில் வைத்திருங்கள், ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். அந்தச் சின்ன ரேடியோக்களில் பெரும்பாலும் எண்தான் தெரியும், தமிழ் எழுத்து வராது. ஆகவே திருக்கோணமலைப் பதிகம் எத்தனையாம் எண், அடுத்தது எத்தனையாம் எண் என்று ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். எல்லாம் ஏற்றி, ஒருமுறை கேட்டும் பார்க்கும்வரை அந்தப் பழைய கசற் பிளேயரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.