மூன்று மாதத்தில் ஒரு மண்மேடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் ஒரு மட்பாண்ட அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அவர்களைக் குறை சொல்வது நோக்கமில்லை. முதல் இரண்டு கூடங்களில் பழைய ஜாடிகள், தாழிகள், கிண்ணங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தேன். மூன்றாவது கூடத்தில் சமகாலக் கண்காட்சி. நடுவில் சுடாத களிமண்ணை இடுப்பு உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கலைஞர் மூன்று மாதம் ரெசிடென்சியில் அங்கேயே தங்கி உருவாக்கியது என்று சுவரில் ஒரு பலகை. அதன் கீழே நினைவு, நிலம், இடப்பெயர்வு என்று இரண்டு பத்தி. இடம், மண், சூளை எல்லாம் கொடுத்து மூன்று மாதத்தில் இதுதானா? வனையத் தெரிந்த எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருக்கும்போது இவர்களை ஏன் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள்? அந்தப் பழைய ஜாடிகளுக்குப் பக்கத்தில் இதை வைப்பது அவற்றுக்கே அவமரியாதை இல்லையா? போதாததற்கு, எதையும் தொட்டுப் பார்க்கவும் விடவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ரெசிடென்சி என்றதும் கலைஞரை விருந்தாளியாக அழைத்து, அறை கொடுத்து, 'ஏதாவது செய்யுங்கள்' என்று விட்டுவிடுவது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எழுத்தாளர்களுக்கு அது கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே உட்கார்ந்து எழுதுவதை வேறெங்கும் உட்கார்ந்தும் எழுதலாம். மண்ணில் வேலை செய்கிறவர் சூளைக்காகப் போகிறார். ஆள் உயரத்துக்கு ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அதை உள்ளே வைக்கிற அளவுக்குச் சூளை வேண்டும், அது தனி ஆளிடம் அநேகமாக இருக்காது. சூளை இருந்தால் மட்டும் போதுமா, தடிமனான சுவர் கொண்ட மண் உருவம் காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விடும். உள்ளே ஈரம் மிச்சமிருந்து சூடு 100 டிகிரியைத் தாண்டினால் நீராவி வழிதேடி மொத்தத்தையும் வெடிக்க வைத்துவிடும். அதைக் கடந்தால் 573 டிகிரி. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் அந்த இடத்தில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும், அதனால் இரண்டு தடவையும் நிதானமாகக் கடக்க வேண்டும். இதற்கிடையில் பச்சை மண்ணாக இருந்தபோது இருந்த அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருக்கும், பீங்கான் மண்ணென்றால் இன்னும் கூடுதலாக. பாதத்தின் மேல் நிற்கிற உருவம் சுருங்கும்போது பாதம் தளத்தோடு ஒட்டிக்கொண்டு நகராமல் போனால், அங்கேயே கிழியும்.

ஆக, போன இடத்து மண்ணைப் பழகவும் சோதனைச் சில்லுகள் சுட்டுப் பார்க்கவும் முதல் மாதம் சரியாகிவிடும். கடைசி மாதம் காய்வதற்கும் சுடுவதற்கும். நடுவில் மிஞ்சுவதில்தான் வேலை. முதல் சூட்டில் உடைந்தால் மறுபடி செய்ய நாள் இருக்காது. மூன்று மாதம் நீளமாகத் தெரிகிறது, மண்ணுக்கு அது குறைவு.

சரி, அருங்காட்சியகத்துக்கு இதில் என்ன லாபம்?

நல்ல மட்பாண்ட அருங்காட்சியகம் என்றால் அங்கே சூளை எரிய வேண்டும் என்று நினைக்கிறேன். ஜப்பானில் சிகராகி என்றொரு ஊர், அந்த நாட்டின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. 1990-இல் அங்கே ஒரு செராமிக் பூங்காவைத் திறந்தார்கள். சமகாலச் செராமிக் அருங்காட்சியகம், கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் கூடங்கள், விறகுச் சூளைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்த ஊர் மண் கரடுமுரடானது, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் கலந்தது. சுட்டதும் அவை மேல்தோலில் வெள்ளைப் புள்ளிகளாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விறகுச் சூளையில் சாம்பல் பறந்து ஜாடியின் தோளில் படிந்து, உருகி, பச்சைக் கண்ணாடியாக வழியும். யாரும் பூசியதில்லை, நெருப்பே பூசியது. அப்படியொரு சூளைக்கு ராத்திரி முழுக்க முறைவைத்து விறகு தள்ளிய ஒருவர், மறுநாள் ஒரு பழைய சிகராகி ஜாடியின் முன்னால் போய் நின்றால், எந்தப் பக்கம் நெருப்பைப் பார்த்திருந்தது, எந்தப் பக்கம் இன்னொரு ஜாடிக்குப் பின்னால் மறைந்திருந்தது என்று விரலால் காட்டிவிடுவார். அருங்காட்சியகப் பட்டியலில் காலம், உயரம், விட்டம் எல்லாம் இருக்கும், இது அபூர்வமாகத்தான் இருக்கும். அருங்காட்சியகத்துக்கு வேண்டியது இந்தக் கண்.

எதிர்த்திசையிலும் நடக்கும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஹெலெனா ஊரில் செங்கல் சூளை நடத்திய ஆர்ச்சி ப்ரே என்பவர் 1951-இல் தன் சூளை வளாகத்திலேயே மண்கலைஞர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினார். முதலில் அங்கே தங்கியவர்கள் பீட்டர் வோல்கஸும் ரூடி ஆட்டியோவும். அடுத்த வருடமே பெயர்பெற்ற குயவர்களான ஹமாதா ஷோஜி ஜப்பானிலிருந்தும் பெர்னார்ட் லீச் இங்கிலாந்திலிருந்தும் அங்கே வந்து வனைந்து காட்டினார்கள். வோல்கஸ் அப்போது சீரான, அழகான, விற்கக்கூடிய பானைகள் செய்துகொண்டிருந்தவர், போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கியவர். 1954-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனவர் கொஞ்ச காலத்திலேயே பானையை வெட்டவும் கிழிக்கவும் ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கவும் ஆரம்பித்தார். அமெரிக்கச் செராமிக்கின் போக்கு அதோடு மாறியது. எல்லாம் ஹமாதாவைப் பார்த்ததால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் செங்கல் சூளையில் ஆரம்பித்த கதைதான் அது. உங்களைக் கோபப்படுத்திய மண்மேட்டின் பூர்வீகத்தில் வோல்கஸுக்கும் பங்கு உண்டு. அவருக்குப் பானை செய்ய வரவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது, அதுதான் விஷயம்.

'பழையதன் பக்கத்தில் புதியதா' என்கிறீர்கள். இத்தாலியில் ஃபாயென்சாவில் ஒரு செராமிக் அருங்காட்சியகம் இருக்கிறது, 1908-இல் கயெத்தானோ பல்லார்தீனி தொடங்கியது. 1944-இல் குண்டுவீச்சில் கட்டடம் போனது, சேகரிப்பில் பெரும்பகுதி சில்லு சில்லானது. பல்லார்தீனி ஓய்ந்துவிடவில்லை, உலகமெங்கும் கடிதம் எழுதினார். நாடுகளும் அருங்காட்சியகங்களும் கொடுத்தன. அப்போது உயிரோடிருந்த கலைஞர்களும் கொடுத்தார்கள், பிக்காசோவும் தன் செராமிக் வேலைகளை அனுப்பினார். அங்கே போய் நவீனத்தை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் காட்டுங்கள் என்று கேட்டால், மறுபடி எழுந்த கதையில் பாதியைக் கழற்றிவிடச் சொல்வதாகும். எல்லா அருங்காட்சியகத்துக்கும் இப்படி ஒரு கதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் நின்று பார்த்த பழைய ஜாடிகளும் செய்த நாளில் புதியவைதானே, அவற்றில் எத்தனையை அந்தக் காலத்துப் பெரியவர்கள் 'என்ன இது கோணலாக' என்றிருப்பார்களோ.

சுடாத மண்ணையும் உடைவதையும் பற்றி. 'குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டல்லவா. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 1995-இல் ஹான் அரச மரபுக் காலத்துப் பழைய ஜாடி ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டு மூன்று புகைப்படங்களாக்கினார், அவர் தடிகாரன் வேடம் கட்டியவர். எனக்கு அது பிடிக்காது, ஒருதடவை அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே ஆள் 2010-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பியது வேறு ரகம். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசெனில் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் கையால் தீட்டிய விதைகள். மேலே நடக்கலாம் என்றுதான் திறந்தார்கள், சில நாளிலேயே செராமிக் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் மண்கலைஞர் கிளேர் டூமி. 2001-இல் மெல்லிய, உள்ளே வெற்றிடமுள்ள வெள்ளை ஓடுகளைத் தரையில் பரப்பினார். அடுத்த கூடத்துக்குப் போக வேண்டுமானால் அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும், நடந்தால் உடையும். உடைப்பது நீங்கள், அவரில்லை. 2010-இல் ஜிங்டெசெனில் செய்த 80 பெரிய சிவப்பு ஜாடிகளை வரிசையாக நிறுத்தினார். 79-க்கு அங்கேயே அச்சுப் படம் ஒட்டி அலங்காரம் முடிந்தது, ஒன்றே ஒன்றுக்கு இங்கிலாந்தின் ராயல் கிரௌன் டெர்பி ஆலையில் கையால் தங்கம் தீட்டினார்கள். அந்த ஒன்றுக்குப் பிடித்த நேரம் மற்ற 79-க்கும் சேர்த்துப் பிடித்ததைவிட அதிகம். இதற்கு இரண்டு பத்தி விளக்கப் பலகை தேவையில்லை, ஒரு வரி போதும்.

இனி உங்கள் பாதி.

நீங்கள் பார்த்த மண்மேட்டை நான் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சுடாத மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி மண்ணாகிவிடும், சுட்டால் திரும்ப வழியே இல்லை. ஒரு கலைஞர் வேண்டுமென்றே அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். ஆனால் சூளையைத் தேடி வந்துவிட்டு அதைத் தொடாமல் போகிறவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது மண்ணிலேயே தெரிய வேண்டும். பலகையைப் படித்தால்தான் தெரியும் என்றால் உங்கள் கோபம் சரி. களிமண் கிராக்கியான பொருளாகிவிட்டது, அதனால் அதைக் கையில் பிடித்துப் பழகாதவர்களும் நிலம், நினைவு என்று இரண்டு சொல்லைப் போட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள், பொறுப்பாளர்களும் பழைய ஜாடியைப் பின்னணித் திரையாக்கி இவர்களை முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் உண்மையில் விளைந்தவை சோதனைச் சில்லுகள், வெடித்தவை, சூடு ஏறிய கணக்கெழுதிய நோட்டுகள். அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைசிப் பொருளை மட்டும் விளக்குக்கு அடியில் வைத்தால் பார்க்கிறவருக்கு என்ன புரியும்? ஒரு மேசை போட்டு அவற்றையும் வைக்கலாம். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் செராமிக் கூடங்களுக்கு நடுவிலேயே கலைஞர் தங்கி வேலை செய்யும் பட்டறை ஒன்றை அமைத்திருக்கிறார்கள், இந்த வகையில் அது நல்ல ஏற்பாடு.

வனையத் தெரிந்தவர்களை ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டீர்களே, உங்கள் கடிதத்தில் அதுதான் கனமான கேள்வி. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கப் படத்தொகுப்பு வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும், அநேகமாக ஆங்கிலத்தில். பரம்பரையாகச் சக்கரத்தில் உட்கார்ந்தவர் அந்தப் படிவத்திலேயே நின்றுவிடுவார். அவருடைய கை தேவைப்படும்போது மட்டும் 'உதவியாளர்' என்று அழைத்துக்கொள்வார்கள். சூரியகாந்தி விதைகளைத் தீட்டிய அந்த 1,600 பேரில் ஒருவர் பெயரை யாராவது சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் ஆலைகள் பல ஒவ்வொன்றாக மூடிய பிறகு நீல் பிரவுன்ஸ்வர்ட் என்ற கலைஞர் அங்கே பீங்கான் பூக்கள் செய்துவந்த ஒருவரைக் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் செய்ய வைத்தார், செய்த பூக்கள் ஒவ்வொன்றாகக் கழிவாகக் கீழே விழுந்தன. வலிக்க வைக்கும் வேலை, நல்ல வேலையும்கூட. ஆனால் அங்கேயும் கலைஞர் பிரவுன்ஸ்வர்ட்தான், பூ செய்தவர் படைப்பின் ஒரு பகுதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் ஆலையில் 1974 முதல் கலைஞர்கள் குளியலறைப் பொருட்கள் செய்யும் தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் நின்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டு வேலை செய்கிறார்கள், குறைந்தபட்சம் யாரிடம் கற்கிறோம் என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. எந்த அருங்காட்சியகமாவது படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, திட்ட அறிக்கையே கேட்காமல், வனைகிறவர் ஒருவரை வருடத்துக்கு ஒருமுறை முழுச் சம்பளத்தில் அழைத்து அவர் பெயரையே பலகையில் போட்டால், அந்தக் கண்காட்சிக்கு நானே உங்களை அழைத்துப் போகிறேன்.

தொட விடாததற்குக் காரணம் உங்கள் கை எண்ணெய்ப்பசை மட்டுமில்லை, நழுவினால் அவ்வளவுதான் என்பதும்தான். சில இடங்களில் உடைந்த சில்லுகளைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு தட்டில் வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். முழு ஜாடியைவிடச் சில்லில் அதிகம் தெரியும்: சுவரின் தடிமன், உள்மண்ணின் நிறம், மெருகுப் பூச்சு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது எல்லாம். அடுத்த தடவை போகும்போது அதைக் கேளுங்கள். சூளை திறக்கும் நாள் எது என்றும் விசாரியுங்கள், கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தாலும் அதைவிட்டு இதற்குப் போங்கள்.